மாத்திரையா, மாற்றலா, மாவு மில்லா? கோதுமை ஆகாத ஒரு குடலின் கணக்கு

டெல்லி ஆர்.கே. புரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்புச் சமையலறையின் மேல் தட்டில் மூன்று பொருள்கள் கிடக்கின்றன. ஒன்று, பாஸ்டனிலிருந்து அண்ணன் அனுப்பிய மாத்திரைப் புட்டி, இன்னும் சீல் உடைக்கவில்லை. இரண்டாவது பெருங்காய டப்பா. அதன் மூடியில் அத்தை சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார். மூன்றாவது, சென்னைக்கு மாற்றல் கேட்டு நான் எழுதி, கையெழுத்துப் போடாமல் டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்த விண்ணப்பம். மூன்றும் என் சிறுகுடலுக்காக அங்கே வந்து சேர்ந்தவை.

2008இல் கல்யாணமாகி டெல்லிக்கு வந்தேன். ஊரில் இருந்தவரை சப்பாத்தி என்பது வாரத்தில் ஒரு ராத்திரி, அதுவும் குருமா இருந்தால்தான். இங்கே ஆபீஸ் கேன்டீனில் மத்தியானம் நாலு ரொட்டி, வீட்டில் ராத்திரி மூன்று என்று பதினைந்து வருஷம் ஓடியது. கடைசி இரண்டு வருஷத்தில் ஆபீஸ் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை டப்பா டப்பாவாக விழுங்கினேன், ஏறவே இல்லை. வயிற்றுப்போக்கு அவ்வப்போது வரும், போகும். அதை நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் பார்த்த முதல் இரண்டு டாக்டர்களும் எடுத்துக்கொள்ளவில்லை. “மதராசிகள் அரிசி சாப்பிடுகிறவர்கள், இது உங்களுக்கு வராது” என்று ஒருவர் சொல்லியே விட்டார். மூன்றாவது டாக்டர்தான் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இயல்பான அளவைப் போல் பத்து மடங்குக்கு மேல் வந்தது. எண்டோஸ்கோபி செய்து, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து நாலைந்து துணுக்குகள் எடுத்துப் பார்த்ததில், உணவிலிருந்து சத்தை உறிஞ்சும் குட்டி விரல்கள் போன்ற குடலுறிஞ்சிகள் தட்டையாகிக் கிடந்தன. சீலியாக் நோய்.

இங்கே எல்லோரும் இதை ‘கேஹூன் கீ அலர்ஜி’, அதாவது கோதுமை அலர்ஜி என்பார்கள். சரியான பெயர் இல்லை, ஆனால் காய்கறிக்காரருக்குக்கூடப் புரிகிற பெயர். அலர்ஜி என்றால் சாப்பிட்டவுடன் தடித்து, அரித்து, அடங்கிவிடும். இதில் உடம்பின் காவல்படையே தன் குடலைத் தாக்குகிறது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் தூண்டுகோல். பார்லியிலும் ரை தானியத்திலும் அதன் உறவுக்காரப் புரதங்கள் உண்டு.

அந்த ‘மதராசிகளுக்கு வராது’ என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி என்ன என்று தெரிந்துகொண்டதுதான் எனக்கு உதவியது. ஹரியானா, அசாம், வேலூர் என மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. வடக்கில் ஆயிரம் பேருக்கு எட்டரைப் பேர் அளவுக்கு இந்த நோய். தெற்கில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்தான். ஆனால் இந்த நோய் வர வேண்டுமானால் இருந்தாக வேண்டிய டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் வடக்கில் 38 சதவீதம் பேருக்கு, தெற்கில் 36 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் தட்டில். வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். அதாவது மரபணுவை நான் ஊரிலிருந்து கொண்டுவந்தேன், கோதுமையை டெல்லி போட்டது.

சரி, நோய் தெரிந்ததும் கோதுமையை விட்டேன். சாதம், இட்லி, தோசை என்று பழைய வழிக்குத் திரும்புவதில் என்ன கஷ்டம்? பஞ்சாபிச் சிநேகிதி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கோ உள்ளுக்குள் சிரிப்புத்தான். ஹீமோகுளோபினும் பதினொன்றுக்கு வந்தது. ஆனால் எட்டு மாதம் கழித்து எடுத்த டிடிஜி, பத்து மடங்கிலிருந்து இறங்கி நாலு மடங்கில் வந்து நின்றது. இரண்டு மாதம் விட்டு எடுத்தாலும் அதே நாலு. டாக்டர் பதற்றப்படவில்லை. பெரியவர்களுக்குக் குடல் ஆறுவது மெதுவாகத்தான் நடக்கும், அமெரிக்காவில் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் இரண்டு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு பேருக்குத்தான் குடல் ஆறியிருந்தது என்றார். “ஆனால் அசையாமல் நிற்பது பிடிக்கவில்லை. எங்கேயோ கசிகிறது” என்று சேர்த்துக்கொண்டார்.

அங்கிருந்துதான் இந்த ஒப்பீடு. என் முன்னால் இருந்தவை நாலு வழிகள். அண்ணனின் நொதி மாத்திரை, ஆராய்ச்சியில் இருக்கும் புது மருந்துகளின் சோதனையில் சேர்வது, மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் போவது, வீட்டிலேயே கசிவைத் தேடுவது. அத்தையிடம் ஐந்தாவதாக ஒன்று இருந்தது: “ஒரு கோர்ஸ் மாத்திரை எழுதித் தரச் சொல்லும்மா. எங்க பெரியம்மாவுக்கு வேலூர்ல அப்படித்தான் சரியாச்சு.” அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், அப்புறம் படித்துப் பார்த்தால் அத்தை சொன்னது பொய்யில்லை. தெற்கில் அந்தக் காலத்தில் ‘வெப்பமண்டல ஸ்ப்ரூ’ என்ற சிறுகுடல் நோய் கிராமம் கிராமமாகப் பரவியிருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் மாத்தனும் அதை 1960களிலிருந்து ஆராய்ந்தார்கள். டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் பலருக்குக் குணமாகும். அதிலும் இதே போலக் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன, இதே போல ரத்தசோகை வருகிறது. பார்வைக்கு இரட்டைப் பிறவிகள், ஆனால் காரணம் வேறு. ஆன்டிபயாட்டிக் என் நோயைத் தொடாது. அத்தைக்கு இதைப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது.

மற்ற வழிகளை எடைபோட, குடலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். குளூட்டனில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிக அதிகம். நம் வயிற்றில் இருக்கும் நொதிகளுக்கு அந்த இடத்தில் வெட்டத் தெரியாது. அதனால் மற்றப் புரதங்களைப் போலப் பொடிப்பொடியாக உடையாமல் நீளத் துண்டுகளாக நிற்கும். அவற்றில் 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டுதான் பெரிய போக்கிரி என்று 2002இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தத் துண்டுகள் குடற்சுவருக்குள் நுழைகின்றன. அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் 2 என்ற நம்முடைய சொந்த நொதி ஒன்று இருக்கிறது. காயத்தை ஒட்டவைப்பது அதன் அன்றாட வேலைகளில் ஒன்று. அது இந்தத் துண்டின் குளூட்டமின்களில் சிலவற்றை அரம் போட்டுத் தேய்த்து குளூட்டமிக் அமிலமாக்கிவிடுகிறது. பூட்டுக்குச் சரியாகப் பொருந்தாத சாவியைத் தேய்த்துப் பொருந்த வைக்கிற மாதிரி. டிக்யூ2 என்ற பூட்டில் அந்தச் சாவி விழுந்ததும் காவல்படை புறப்படுகிறது. எனக்கு ரத்தத்தில் அளந்த டிடிஜி, இந்த நொதிக்கு எதிராக என் உடம்பே உண்டாக்கிய எதிர்ப்பொருள்தான். அந்த நொதிதான் குறி என்று 1997இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள்.

ஆக, மருந்து கண்டுபிடிக்க நினைப்பவருக்குச் சில இடங்களில் கை வைக்க வாய்ப்பு உண்டு. வயிற்றிலேயே துண்டை நொறுக்கலாம். குடற்சுவரின் இடுக்கை அடைக்கலாம். அரத்தைப் பிடுங்கலாம். காவல்படைக்கு வேறு பாடம் சொல்லிக்கொடுக்கலாம். இந்த நாலையும் முயன்றுவிட்டார்கள்.

முதலில் அண்ணன் புட்டி, ஏனென்றால் அது கையில் இருந்தது. “சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு போட்டுக்கோ. கல்யாண வீட்ல எல்லாரோடயும் உட்கார்ந்து பூரி சாப்பிடலாம்” என்று போனில் சொன்னான். அதில் இருப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுத்த நொதி. நம் நொதிகளுக்கு வெட்டத் தெரியாத புரோலின் பக்கத்தில் இதற்கு வெட்டத் தெரியும். வேலையும் செய்கிறது: வயிற்றிலேயே குளூட்டனில் பெரும்பகுதியை உடைக்கிறது என்று மனிதர்களில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது பெரும்பகுதி இல்லையே, மிச்சம்தான் என் பிரச்சினை.

நாமே ஒரு கணக்குப் போடலாம். முப்பது கிராம் ஆட்டாவில் தட்டிய ஒரு சப்பாத்தியில் குளூட்டன் சுமார் இரண்டரை கிராம். அந்த மாத்திரை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், தாராளமாக. மிச்சம் 125 மில்லிகிராம். இத்தாலியில் 2007இல் வந்த ஓர் ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் சாப்பிட்டதற்கே குடல் சேதமானது. பத்து மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஒரு சப்பாத்திக்கே இப்படி என்றால் மூன்று பூரிக்கு என்ன ஆகும்? இந்த நொதிகள் உணவுச் சேர்மானம் என்ற பெயரில் விற்பனையாகின்றன, இந்த நோய்க்கான மருந்து என்று அனுமதி பெற்றவை அல்ல. தெரியாமல் வந்து விழும் துணுக்குக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆனால் புட்டி வீட்டில் இருக்கும் தைரியத்தில் நான் கை நீட்டிவிடுவேன் என்பதுதான் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மை. குலாப் ஜாமூன் முன்னால் நான் அவ்வளவு பலமானவள் இல்லை.

இதே வகையில் முறையாகச் சோதித்த மருந்து லாட்டிகுளூட்டனேஸ். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தும் குடல் ஆறாத 494 பேரிடம் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் குணம் தெரிந்தது, மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு குணம் தெரிந்தது. ஆராய்ச்சியில் இருக்கிறோம், யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றதும் எல்லோரும் சாப்பாட்டில் கவனமாகிவிட்டார்கள் என்பதுதான் பலரும் தரும் விளக்கம். இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் என் சமையலறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிற்பாடு வேறு ஓர் ஆய்வில், தினம் இரண்டு கிராம் குளூட்டன் கொடுத்த ஆறு வாரத்தில் இந்த மருந்து சேதத்தைக் குறைத்தது என்றும் வந்தது. ஆகவே கதை முடியவில்லை.

இடுக்கை அடைக்கும் லாரசோடைடு என் மனதுக்குப் பிடித்த மருந்து. காலரா கிருமி குடலில் கதவைத் திறக்கும் ஒரு நச்சை உண்டாக்குகிறது, அதைப் படித்து அதிலிருந்து கதவை மூடும் எட்டு அமினோ அமில மருந்தைச் செய்தார்கள். எவ்வளவு அழகான யோசனை! மூன்றாம் கட்டச் சோதனைவரை வந்து, இடையில் எடுத்த கணக்கில் பலன் காட்டுவதற்கே இன்னும் ஏராளமான ஆள் வேண்டியிருக்கும் என்று தெரிந்து, 2022இல் நிறுத்திவிட்டார்கள். காவல்படைக்குப் பாடம் சொல்லும் நெக்ஸ்வாக்ஸ்2 என்ற ஊசியும் 2019இல் நின்றது.

அரத்தைப் பிடுங்கும் மருந்துதான் இப்போதைக்கு எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது. இசட்இடி 1227, பெயர் என்ற பெயரில் ஓர் எண். டிரான்ஸ்குளூட்டமினேஸ் 2இன் வேலை செய்யும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும் சின்ன மூலக்கூறு. ஐரோப்பாவில் 160 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2021 ஜூலையில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. எல்லோரும் ஏற்கெனவே கட்டுப்பாட்டில் இருந்து குடல் ஆறியவர்கள். ஆறு வாரம், காலையில் மாத்திரை, பின்னாலேயே மூன்று கிராம் குளூட்டன் உள்ள ஒரு பிஸ்கட். அதாவது தினம் ஒரு சப்பாத்தி. ஒரு குழுவுக்குப் போலி மாத்திரை, மற்ற மூன்று குழுக்களுக்கு 10, 50, 100 மில்லிகிராம் மருந்து. போலி மாத்திரைக்காரர்களின் குடலுறிஞ்சிகள் எதிர்பார்த்தபடி குட்டையாயின. மருந்து சாப்பிட்ட மூன்று குழுவிலும் பெருமளவு காப்பாற்றப்பட்டன. நூறு மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் மூன்று பேருக்குத் தோலில் தடிப்பு வந்தது. 2024இல் ஃபின்லாந்துக்காரர்கள் அதே துணுக்குகளில் மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்த்து, மருந்து சேதத்தை மூலக்கூறு அளவிலேயே தடுத்திருக்கிறது என்று எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கும் ஆசை வந்தது. யாருக்கு வராது? ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வியும் என் கேள்வியும் ஒன்றா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் ஆறிய குடலைக் காப்பாற்றினார்கள், அதுவும் ஆறு வாரம். என் குடல் இன்னும் ஆறவில்லை, எனக்கு வேண்டியது நாற்பது வருஷம். அந்த நொதி உடம்பில் வேறு வேலைகளும் பார்க்கிறது, பல வருஷம் அதை அடக்கி வைத்தால் என்னவாகும் என்பதற்கு ஆறு வாரச் சோதனை பதில் சொல்லாது. மருந்தை உருவாக்குகிறவர்களே இதை முக்கியமாக உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்ந்த காப்பாகத்தான் பார்க்கிறார்கள், ‘இஷ்டம்போல் சாப்பிடு’ என்ற அனுமதியாக அல்ல.

மருந்துச் சோதனையில் சேர்வதற்கு நான் எதிரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவுசெய்வது கட்டாயம், யாரும் இணையத்தில் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் விதிகள்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். டெல்லியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எய்ம்ஸ் போன்ற இடங்களில் இந்த நோயிலேயே ஊறிய மருத்துவர்கள் இருக்கிறார்கள், சோதனை என்று ஒன்று நடந்தால் இங்கே வர வாய்ப்பு அதிகம். ஆனால் சேரும் முன் நான் கேட்க நினைப்பவை சாதாரணமான கேள்விகள். என்னைக் குளூட்டன் சாப்பிடச் சொல்வார்களா? எண்டோஸ்கோபி எத்தனை முறை? எனக்குப் போலி மாத்திரை விழ எவ்வளவு வாய்ப்பு? சோதனை முடிந்த மறுநாள் மருந்து கிடைக்குமா? இதற்கெல்லாம் மேலாக ஒன்று. வீட்டில் கசிவு இருக்கும்போது நான் சோதனையில் சேர்ந்தால், மருந்து வேலை செய்ததா, நான் கவனமாகிவிட்டேனா என்று எனக்கே தெரியாது. அந்த 494 பேரின் கதைதான்.

பழைய மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இதே நோய் தோலில் கொப்புளமாக வரும்போது டாப்சோன் கொடுப்பார்கள், அரிப்பு ஓரிரு நாளில் அடங்கும், குடலை அது தொடாது. எவ்வளவு கட்டுப்பாட்டிலும் ஆறாத அபூர்வ வகைக்கு பியூடிசோனைடு என்ற ஸ்டீராய்டு உண்டு. டாக்டரிடம் அதைக் கேட்டதற்கு, “முதலில் வீட்டைப் பாருங்கள், அப்புறம் ஸ்டீராய்டைப் பார்ப்போம்” என்றார்.

மாற்றல் விஷயம். நோய் தெரிந்த வாரத்திலேயே விண்ணப்பம் எழுதிவிட்டேன். அரிசி தின்னும் ஊருக்குப் போனால் கவலையில்லை என்று மனசு சொன்னது. கணவருக்கு விருதுநகர், அவருக்கும் ஆசைதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் தலைகீழாக இருக்கிறது. ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ‘கோதுமை சாப்பிடக் கூடாது’ என்றால், “சரிம்மா, ரவா உப்புமா செஞ்சிடுறேன்” என்கிறார்கள். ரவையும் மைதாவும் சேமியாவும் கோதுமைதான் என்று விளக்கி முடிப்பதற்குள் கேசரி வந்துவிடும். உடம்பு தேறட்டும் என்று ஹார்லிக்ஸ் ஆற்றிக் கொடுப்பார்கள், அதில் கோதுமையும் பார்லி மால்ட்டும். விருதுநகரில் பரோட்டாவை விட்டு ஓட எந்தத் தெருவும் இல்லை. டெல்லியில் ‘கேஹூன் கீ அலர்ஜி’ என்ற அந்த மூன்று வார்த்தையைச் சொன்னால் போதும், கடைக்காரர் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறார், அவர் சொந்தத்தில் ஒரு குழந்தைக்காவது இருக்கும். நவராத்திரி வந்தால் கோதுமை தொடாத விரத மாவுகள் கடை முழுக்க நிற்கும். குட்டு ஆட்டா என்ற பாப்பரை மாவு, சிங்காடா என்ற, குளத்தில் விளையும் கொட்டையின் மாவு, சமா சாவல் என்ற நம் குதிரைவாலி. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பொட்டலமும் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படிப் போடக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அரைக் கிலோ சாப்பிட்டாலும் பத்து மில்லிகிராம், மேலே சொன்ன அளவுக்குள். விலைதான் வயிற்றெரிச்சல். இந்த நோய்க்கு வடக்குதான் விஷமும் மருந்தும். மாற்றல் விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை, ஆனால் அதற்கு இனிமேல் வேறு காரணம் வேண்டும்.

மிஞ்சியது கசிவு. முதலில் பிடிபட்டது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் அசல் பிசின் கொஞ்சம்தான், மிச்சம் கருவேலம் பிசினும் மாவும். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை. டப்பாவின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது, பத்து மாதமாக யாரும் படிக்கவில்லை. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று ஒரு நாளில் அது விழாத பாத்திரம் கிடையாது. அன்றைக்குத்தான் அத்தை பெருக்கல் குறி போட்டது. அத்தைக்கு அது துரோகம் மாதிரி: “கேஸ் போகுறதுக்குப் போடுறதுலயா விஷம்!”

கோபம் தணிந்ததும் கணக்குப் போட்டேன். வீடு முழுக்கச் சேர்த்து நாளுக்கு ஒரு கிராம் பெருங்காயம். பாதி மாவு என்றால் அரை கிராம், அதில் குளூட்டன் நாற்பத்தைந்து மில்லிகிராம் போல. நாலு பேர் சாப்பிட்டால் என் பங்கு பதினொன்று. எல்லைக் கோட்டில் நிற்கிறது. குற்றவாளிதான், ஆனால் இது மட்டும் நாலு மடங்கைத் தாங்கிப் பிடித்திருக்காது.

பெரிய திருடன் வெளியே இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் இடியாப்பம். அதற்கான பச்சரிசியைத் தெரு முனைச் சக்கியில், அதாவது மாவு மில்லில் கொடுத்து அரைத்து வாங்குவோம். கடலை மாவும் அங்கேதான். அரிசிமாவு நல்ல வெள்ளையாக, சூடாக, சுத்தமாக வரும், சந்தேகமே வராது. ஒரு சனிக்கிழமை நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருவரின் பத்து கிலோ கோதுமை இறங்கியது. கல்லைத் துடைக்காமல் அதே வாயில் என் அரிசி விழுந்தது. கேட்டால், “சாஃப் ஹை பெஹன்ஜி” என்றார். அவர் கண்ணுக்குச் சுத்தம்தான். நூற்றுக்கு இரண்டு பங்கு கோதுமை கலந்திருக்கும் என்று நானாக ஒரு குத்துமதிப்பு வைத்தேன். நூறு கிராம் மாவில் இரண்டு கிராம் கோதுமை, குளூட்டன் 180 மில்லிகிராம். வாரம் இரண்டு நாள் என்றால் தினசரிச் சராசரி ஐம்பதைத் தாண்டுகிறது. அந்த இத்தாலி ஆய்வின் ஐம்பது! இதில் தோசைக்கல்லும் சேர்த்தி. ராத்திரி மற்றவர்களுக்குச் சப்பாத்தி சுட்ட கல்லில்தான் காலையில் எனக்குத் தோசை.

ஆக, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் நிலைமைக்கு இப்படி ஆகிறது. நொதி மாத்திரை செலவு, பொய்த் தைரியம். மருந்துச் சோதனை நல்லது, ஆனால் இப்போது இல்லை. மாற்றல், பெரிய விலைக்குச் சின்ன லாபம். கசிவை அடைப்பது அலுப்பான வேலை, செலவு கொஞ்சம், பலன் கணக்கிலேயே தெரிகிறது. எல்லோருக்கும் இதே விடை வராது. எல்லாம் அடைத்தும் குடல் ஆறாதவருக்கு, அல்லது பள்ளி ஹாஸ்டலில் சாப்பிட்டே ஆக வேண்டிய பிள்ளைக்கு, அந்த இசட்இடி போன்ற மாத்திரைதான் ஒரு நாள் முதல் வழியாக இருக்கலாம். பஞ்சாபிச் சிநேகிதி வீட்டுக்கும் என் கணக்கு பொருந்தாது, அவளுக்குக் கசிவு இல்லை, கூரையே கோதுமை.

இன்னொரு விஷயம், ஒப்பீட்டில் சேராதது. யாருக்காவது சந்தேகம் இருந்தால், சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் டிடிஜியும் இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும், நோய் இருப்பதே தெரியாமல் போகும். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இது இருக்கிறது என்பதால் பையனுக்கும் எடுத்தோம். அவனுக்கு இல்லை. அண்ணனை எடுக்கச் சொல்லியிருக்கிறேன், “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்கிறான். இரண்டு வருஷமாக ரத்தசோகை என்று அவன் மனைவி சொல்கிறாள்.

வீட்டில் வைக்கும் மாவு மில் ஒன்றுக்குப் பதினாறாயிரம் சொன்னார்கள். அத்தை விடவில்லை. பச்சரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, மிக்ஸியில் போட்டுச் சலித்தால் ஆயிற்று, இதற்கு ஒரு மெஷினா என்றார். மாவு கொஞ்சம் கரகரப்பாக வருகிறது, இடியாப்பம் அச்சில் அடைக்கிறது, பையன் முகம் சுளிக்கிறான். எனக்கென்று தனியாக ஒரு தோசைக்கல் வாங்கியாயிற்று. அரிசிமாவு சேர்த்த பெருங்காயம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைத்தது, வாசனை பழையதற்குப் பக்கத்தில் வராது. அடுத்த டிடிஜி மார்ச்சில். இரண்டு மடங்குக்குக் கீழே வராவிட்டால் மறுபடி எண்டோஸ்கோபி, அதற்கு அப்புறம் பதிவேட்டைத் திறந்து சோதனை ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணனின் புட்டி மேல் தட்டிலேயே இருக்கிறது. அவன் அடுத்த மாதம் வருகிறான், பார்த்தால் கேட்பான்.